கனமான எஞ்சினை ஜீப்பில் உட்கார வைப்பது: மவுண்ட் பற்றி ஓர் அறிமுகம்

எஞ்சினை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்து வைக்கும் தாங்கிதான் மவுண்ட்; இரும்பு பிராக்கெட்டும் ரப்பரும் சேர்ந்தது. பழைய ஜீப்புக்கு வேறு எஞ்சின் போட நினைப்பவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது, "மவுண்டுக்கு எத்தனை எம்.எம். பிளேட் போடணும்ணே?" என்பதைத்தான். "பத்து போட்டுருவோம் தம்பி, யானை ஏறி நின்னாலும் அசையாது" என்று பதில் வரும். அசையாது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எஞ்சின் சும்மா ஏறி நிற்கிற சமாசாரம் இல்லை. கிளட்சை விட்டதும் ஒரு பக்கம் எழும்பப் பார்க்கும். ரிவர்ஸ் போட்டால் மறுபக்கம் எழும்பும். அணைக்கும்போது குலுங்கும். பள்ளத்தில் விழுந்தால் தன் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தும். பத்து எம்.எம். பிளேட் இதற்கெல்லாம் உடையாது. அதைப் பற்றவைத்த சேசிஸ்தான் கிழியும்.

உதாரணத்துக்கு மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் உரிமத்தில் இங்கே கட்டப்பட்ட இந்த வண்டியில் முதலில் இருந்தது 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் விலை ஏற ஏற எல்லோருக்கும் டீசல் ஆசை வந்தது. மஹிந்திராவே தன் இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்து விற்றது. பின்னால் பெஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சின் வந்தது. கம்பெனியே ஒரே குடும்பத்து வண்டியில் மூன்று விதமான எஞ்சினை உட்கார வைத்துக் காட்டியபிறகு பட்டறைகளுக்குத் துணிச்சல் வராமல் இருக்குமா? போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளிடையே, பெட்ரோலில் பிறந்து டீசலில் வாழ்கிறவை உண்டு.

சட்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே இரும்பை வெட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். சாலைக்கு வராத பந்தய வண்டி, தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டி என்றாலும் கீழே வரும் கணக்கு ஒன்றுதான்.

எடை ஒரு பங்கு, முறுக்கு மூன்று பங்கு

ஜீப்பில் எஞ்சின், கியர் பாக்ஸ், முறுக்கை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் போல்ட் போட்டு ஒன்றான ஒரே கட்டி. கணக்குக்காக மொத்தம் 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இடமும் வலமும் இரண்டு மவுண்ட், பின்னால் கியர் பாக்ஸுக்கு அடியில் நடுவில் ஒன்று. பங்கு பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 100 கிலோ. இதைத் தாங்க ஒரு சின்ன ஆங்கிள் துண்டே போதும்.

இப்போது வண்டியை நகர்த்துவோம். எஞ்சின் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று கொள்வோம். அது கியர் பாக்ஸுக்குள் போனதும் பெருகுகிறது. சி.ஜே. 3பி-யின் டி-90 கியர் பாக்ஸில் முதல் கியர் சுமார் 2.8 மடங்கு. டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில், அதாவது மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் நிலையில், போட்டால் மேலும் 2.46 மடங்கு. பெருக்கிப் பாருங்கள்: 1,030 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும். இந்த முறுக்கு, அதை ஆக்சில்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகளுக்குப் போகும்போது, அதே அளவு எதிர்முறுக்கு எஞ்சின் கட்டியின் மேல் விழும். நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து மவுண்டுக்கு விலக்கு கிடையாது.

பலர் தவறவிடும் இடம் இது. எஞ்சின் என்ன முறுக்கு தருகிறது என்று பார்த்து மவுண்ட் கட்டுகிறார்கள். மவுண்டுக்கு வருவதோ கியர் பெருக்கிய பிறகான முறுக்கு, இந்த வண்டியில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

பின் மவுண்ட் நடுவில் இருப்பதால் சாய்வைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை. முன் மவுண்டுகள் இரண்டும் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் 1,030-ஐ 0.5-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 2,060 நியூட்டன், அதாவது 210 கிலோ எடைக்குச் சமம். ஒரு பக்கம் இவ்வளவு கீழே அழுத்தும், மறுபக்கம் இவ்வளவு மேலே தூக்கும். ஏற்கெனவே இருக்கும் 100 கிலோவைச் சேர்த்தால் வலது மவுண்டில் 310 கிலோ அழுத்தம். இடது மவுண்டிலோ 110 கிலோ மேல்நோக்கிய இழுப்பு! எடையைத் தாங்க வைத்த துண்டு, எஞ்சின் எழும்பாமல் கீழே பிடித்திழுக்கும் வேலையைப் பார்க்கிறது. சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடித்தால் வருகிற முழுக் கணக்கு இது. ஆள் நிறைய ஏற்றி மேட்டில் கிளட்சை விடும் ஜீப்பில் இது நடக்கக்கூடியதுதான்.

முன்னாலிருந்து பார்த்தால் பெரும்பாலான எஞ்சின்கள் கடிகாரச் சுற்றில் சுழல்கின்றன. அதனால்தான் முன்னோக்கிப் போகும்போது வண்டியின் இடது பக்கம் எழும்புகிறது. ரிவர்ஸில் இது தலைகீழாகும். டி-90-இன் ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிடவும் தாழ்ந்தது, சுமார் 3.8 மடங்கு. அதே கணக்கில் வலது பக்கம் 280 கிலோவுக்கு மேல் தூக்கும். சேற்றில் மாட்டிய ஜீப்பை லோவில் போட்டுப் பின்னால் எடுக்கும் அந்த ஓரிரு நொடிகள்தான் மவுண்டுக்கு மிகப் பெரிய சோதனை. இடது பக்கத்தை மட்டும் பலமாகக் கட்டி வலது பக்கத்தை ஒப்பேற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது பாதி உண்மையைத் தெரிந்துகொண்டதன் விளைவு.

இந்த இழுப்பு என்ன செய்யும் என்பதை அமெரிக்கா பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், பெரும்பாலும் 1965 முதல் 1969 வரையிலான சுமார் 67 லட்சம் செவ்ரோலெட் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் மவுண்ட்டில் ரப்பர் இரும்புத் தகட்டிலிருந்து பிரிந்துவிட்டது. பிரிந்ததும் எஞ்சின் மேலே எழும்பி ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்தது. திறக்கத் திறக்க இன்னும் எழும்பியது. எஞ்சின் ஓர் அளவுக்கு மேல் எழாதபடி பிடித்து வைக்கும் கம்பிக் கயிறுதான் நிறுவனம் போட்ட தீர்வு.

ஆகவே நீங்கள் கட்டும் மவுண்ட் எதுவானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: ரப்பர் முழுதாக அறுந்து விழுந்துவிட்டால் எஞ்சின் எங்கே போகும்? மேல் தகடும் கீழ்த் தகடும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்திருந்தாலோ, நடுவில் ஒரு போல்ட் ஊடுருவிப் போய் அடியில் அகல வாஷரோடு நின்றாலோ, எங்கேயும் போகாது. ரப்பரின் ஒட்டை மட்டும் நம்பிய மவுண்ட்டை, பளபளப்பான புதுசாக இருந்தாலும், கனமான எஞ்சினுக்குப் போடாதீர்கள்.

ரப்பர் எதற்கு?

"ரப்பரே வேண்டாம், நேரடியாக இரும்பில் போல்ட் போட்டுவிடலாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பந்தய வண்டியில் அப்படிச் செய்வதுண்டு. ஜீப்பில் செய்தால் வீட்டுக்கு வருவதற்குள் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியே தெரியாத அளவுக்கு எல்லாம் அதிரும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிப்பு நடக்கும். 700 ஆர்.பி.எம்.-இல் ஓய்வாக ஓடும்போது நொடிக்குச் சுமார் 23 உதைப்பு. ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. எடை ஏறியதும் ரப்பர் 4 மி.மீ. அமுங்கினால் அந்த வேகம் நொடிக்கு 8 ஆட்டம், 1 மி.மீ. மட்டும் அமுங்கினால் 16. உதைப்பு இந்த எண்ணைவிட நன்றாக மேலே இருந்தால்தான் ரப்பர் அதிர்வை விழுங்கும். குறைந்தது 1.4 மடங்காவது வேண்டும். 16-க்கும் 23-க்கும் இடையில் அந்த இடைவெளி அரும்பொட்டாகத்தான் கிடைக்கிறது, 8-க்கும் 23-க்கும் தாராளமாகக் கிடைக்கிறது. டீசல் வண்டியை அணைக்கும்போது ஒரு குலுக்கு குலுக்கி நிற்கிறதே, அது எஞ்சின் வேகம் இறங்கி வரும் வழியில் இந்த ஆட்ட வேகத்தைத் தொட்டுக் கடப்பது.

கடினமான ரப்பர் பலம் என்று நினைத்துப் போடுவது இதனால்தான் வீண். பழைய பெட்ரோல் எஞ்சினின் மென்மையான ரப்பரிலேயே கனமான டீசலை ஏற்றுவதும் ஆகாது. முழுக்க நசுங்கி இரும்போடு இரும்பு இடிக்கும். நான் சொல்வது எளிய வழி: எந்த வண்டியிலிருந்து எஞ்சினை எடுக்கிறீர்களோ அந்த வண்டியின் ரப்பரையே வாங்குங்கள். அந்த எடைக்கும் அந்த அதிர்வுக்கும் கணக்குப் போட்டவர்கள் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். பாலியூரித்தேன் புஷ் சிலருக்குப் பிடிக்கும்; ஓய்வாக ஓடும்போதே உறுமும் பழைய டீசலுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ரப்பரின் குணம் ஒன்று. அழுத்தினால் நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் ஓரளவு தாங்கும், இழுத்தால்தான் சீக்கிரம் கிழியும். முன் மவுண்டுகளைப் பல கம்பெனிகள் உள்நோக்கிச் சாய்த்து வைப்பது, எந்த விசை வந்தாலும் ரப்பருக்கு முடிந்தவரை அழுத்தமாகவே போய்ச் சேரட்டும் என்றுதான்.

முதலில் எஞ்சின், பிறகுதான் பிளேட்

வெட்டுகிற மிஷினை எடுப்பதற்கு முன்னால் எஞ்சினை அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். முழு வேலையில் பொறுமை அதிகம் தேவைப்படுவது இங்கேதான்.

ஜீப்பில் எஞ்சினுக்குக் கீழே முன் ஆக்சில் இருக்கிறது. வண்டி நிற்கும்போது எஞ்சினின் ஆயில் தொட்டியான சம்ப்புக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி இருந்தால் போதாது. ஸ்பிரிங் முழுதாக அமுங்கி ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும்போதும் இருக்க வேண்டும். கனமான எஞ்சின் முன்பக்கத்தையே தாழ்த்திவிடும் என்பதால், முன் பட்டை ஸ்பிரிங்கைப் பலப்படுத்திவிட்டு இந்த அளவை எடுப்பது நல்லது. ஸ்டீயரிங் ராட், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கைவிடும் இடம், கிளட்ச் இணைப்பு, சைலன்சர் பைப், ஆயில் ஃபில்டரைக் கழற்ற வழி என்று எல்லாம் பார்த்துவிடுங்கள். ஃபில்டரை மறந்துவிட்டு, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் மவுண்ட்டைக் கழற்றுகிற வண்டிகள் இருக்கின்றன.

அடுத்தது சாய்வு. எஞ்சின் பொதுவாகப் பின்பக்கம் சில டிகிரி தாழ்ந்து உட்காரும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட் வளையும் கோணம் சமமாகவும் எதிராகவும் இருக்க வேண்டும். கியர் பாக்ஸின் வெளித்தண்டும் பின் ஆக்சிலின் உள்தண்டும் இணையாக இருந்தால் இது தானாக அமையும். கைப்பேசியில் கோணம் காட்டும் செயலி போதும், ரசமட்டம் இருந்தால் இன்னும் நல்லது. கோணம் தவறினால் 50 கி.மீ. வேகத்தில் வரும் அதிர்வுக்கு மவுண்ட்டைத்தான் திட்டுவீர்கள்.

பிராக்கெட்டின் வடிவம்

இடம் உறுதியானபின் சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்துக்கு அட்டையில் வெட்டிப் பாருங்கள். அட்டை பொருந்தியதும் இரும்பு. கனமான எஞ்சின் என்றாலும் 6 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட் பெரும்பாலும் போதும். வடிவம்தான் பலம் தருகிறது. 50 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு பட்டையைப் படுக்க வைத்தால் கையாலேயே வளைக்கலாம். அதே பட்டையை விளிம்பில் நிறுத்தி வைத்தால் அதன் விறைப்பு கிட்டத்தட்ட 70 மடங்கு. அதே இரும்பு, அதே எடை. தடிமனைக் கூட்டிக் கூட்டிப் போவதைவிட, விசை வரும் திசையில் பட்டையை நிறுத்தி வைப்பது எவ்வளவு லாபம் என்று பாருங்கள். ஒரு தட்டைப் பிளேட்டும் அதன் அடியில் இரண்டு முக்கோண முட்டுத் துண்டும் (கசெட்) சேர்ந்தால் தனி 12 மி.மீ. பிளேட்டை எளிதில் தோற்கடிக்கும்.

பிராக்கெட்டின் நீளத்தையும் குறையுங்கள். சேசிஸிலிருந்து 20 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட், 10 செ.மீ. நீட்டியிருப்பதைவிட இரண்டு மடங்கு முறுக்கலோடு அடிப்பாகத்தைப் பிடுங்கும்.

எஞ்சின் பக்கத்தில் கம்பெனி கொடுத்த துளைகளை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு போல்ட்டில் தொங்கவிடாமல் மூன்று நான்காகப் பரப்புங்கள். பிளாக் வார்ப்பிரும்பு, அதில் வெல்டிங் வைக்கும் யோசனையை அங்கேயே கைவிடுங்கள்.

போல்ட் பற்றிப் பலருக்கு வீண் கவலை. 8.8 தரத்தில் ஓர் எம்12 (12 மி.மீ.) போல்ட், நீளாமல் 5 டன் வரை இழுப்பைத் தாங்கும். போல்ட் உடைவதில்லை, தளர்கிறது. அதிர்வுக்கு நைலாக் நட்டும், எஞ்சினின் திருகு துளைகளுக்குத் திருகுப் பசையும் போடுங்கள்.

சேசிஸ்தான் கடைசி நீதிமன்றம்

எந்த விசையானாலும் இறுதியில் வந்து சேர்வது சேசிஸின் பக்கச் சட்டத்தில். அது படுத்த 'ப' வடிவத்தில் திறந்த சேனலாகவோ மூடிய பெட்டியாகவோ இருக்கும். உங்கள் பிராக்கெட்டைவிட மெல்லிய இரும்பு அது. தடித்த பிளேட்டை மெல்லிய சுவரில் நேராகப் பற்றவைத்தால், வெல்டிங் முடிகிற ஓரத்தில் எல்லா விசையும் குவிந்து அங்கே விரிசல் விடும்.

நடுவில் ஒரு பரப்புத் தகடு கொடுக்க வேண்டும். சட்டத்தின் சுவரோடு ஒட்டினாற்போல, பிராக்கெட்டின் அடியைவிட எல்லாப் பக்கமும் சில செ.மீ. பெரிதாக, மூலைகளை உருட்டி, முடிந்தால் சாய்சதுரமாக வெட்டியது. சாய்சதுரம் ஏனென்றால், சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் விழக்கூடாது. குறிப்பாகச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கு வெல்டிங் வேண்டவே வேண்டாம். சட்டம் வளையும்போது அதிகம் இழுபடுவதும் அழுந்துவதும் அந்த விளிம்புகள்தான். நிமிர்ந்த சுவரில் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டியில் ஊடுருவிப் போல்ட் போடுவதானால் உள்ளே ஒரு குழாய்த் துண்டைக் குறுக்கே வைத்துப் பற்றவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் நட்டை இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும்.

மூன்று புள்ளியை நான்காக்கும் ஆசையும் வரும். நான்கு மூலையிலும் இறுகப் பிடித்தால் பலம் கூடும்போலத் தோன்றும். ஆனால் ஜீப்பின் சேசிஸ், ஒரு சக்கரம் குழியிலும் மறு சக்கரம் கல்லிலும் நிற்கும்போது முறுக்கிக்கொள்ளும்படி அமைந்த ஏணி. எஞ்சினை நான்கு மூலையிலும் இறுக்கினால் அந்த ஏணியின் ஒரு படியாக அதையும் ஆக்கிவிடுகிறீர்கள். சேசிஸ் முறுக்கும்போது, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் காது உடையும். முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்றால் சேசிஸ் தன்பாட்டுக்கு முறுக்கிக்கொள்ளும், எஞ்சின் தன்பாட்டுக்கு இருக்கும்.

வெல்டிங்கும் சோதனையும்

எஞ்சின் இடத்தில் இருக்கும்போது டேக் (அங்கங்கே சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். முழு வெல்டிங்கின் சூடு பக்கத்தில் இருக்கும் ரப்பரைக் கருக்கிவிடும். எஞ்சினை இறக்கி, ரப்பரைக் கழற்றி, பிராக்கெட்டின் துளைகளைத் தடித்த பிளேட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு முழு வெல்டிங் செய்தால் சூட்டில் கோணாது. சாதா 6013 ராடு பழகிய கைக்கு எளிது. மவுண்டுக்கு நான் காய்ந்த 7018 ராடையே கேட்பேன், அதன் இணைப்பு விரிசலுக்கு அவ்வளவு சீக்கிரம் இடம் கொடுக்காது. வண்டியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள்.

ரப்பர் மின்சாரத்தையும் தடுக்கும். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் பட்டை போட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் வேறு வழியின்றி ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். கேபிள் சூடாகி இறுகும்போது மவுண்ட்டைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

எல்லாம் பூட்டியபின் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காதபடி, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் எஞ்சின் எவ்வளவு எழும்புகிறது என்று கவனிக்கட்டும். பிறகு ரிவர்ஸ். ஒன்றிரண்டு செ.மீ. அசைவு இயல்பு. ஃபேன் ரேடியேட்டரைத் தொடுகிற அளவுக்கு வந்தால் வேலை முடியவில்லை.

ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பிளேட்டுக்கு ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். சில நூறு கி.மீ. ஓடியபின் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். பிராக்கெட்டுக்கும் பரப்புத் தகட்டுக்கும் வெளிர் நிறப் பெயின்ட் அடித்தால் மயிரிழை விரிசலும் துருக்கோடாகத் தெரியும். விரிசல் கண்டால் அதன் மேலேயே இன்னொரு வெல்டிங் ஓட்டாதீர்கள். விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு விரிசலை அடிவரை கிரைண்டரில் எடுத்துப் பற்றவைத்து, பரப்புத் தகட்டை இன்னும் பெரிதாக்குங்கள்.